தர்மபுரி வீட்டில் எத்தியோப்பிய இஞ்செரா: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எத்தியோப்பியாவில், தானா ஏரிக்கரையில் இருக்கும் பஹிர் தாரில் ஆறு வருஷம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஊர் திரும்பியவன் நான். வந்த பிறகு எல்லாம் பழகிவிட்டது, இஞ்செரா இல்லாததுதான் பழகவில்லை. இரண்டு வருஷம் மாவைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதில் இப்போது ஓரளவுக்குச் சரியாக வருகிறது. வீட்டில் சாப்பிட்டுப் போனவர்கள், போனில் அளவு கேட்டவர்கள், அங்கே வேலை பார்த்துத் திரும்பிய வேறு சில வாத்தியார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

இது தோசையா, ஆப்பமா?

செய்முறையில் ஆப்பத்துக்குப் பக்கம், ருசியில் புளித்த கூழுக்குப் பக்கம். டெஃப் என்ற தானியத்தின் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, பெரிய வட்டக் கல்லில் ஊற்றி, மூடி போட்டு ஆவியில் வேகவிட்டு, திருப்பாமல் எடுப்பார்கள். அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும், மேல்பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அந்த ஓட்டைக்கு அம்ஹாரிக் மொழியில் ‘அய்ன்’ என்று பெயர், கண் என்று அர்த்தம். அரை மீட்டருக்கும் மேல் அகலமாகச் சுட்டதைத் தாம்பாளத்தில் விரித்து, அதன் மேலேயே குழம்பு, பருப்பு, கீரை எல்லாவற்றையும் குவியல் குவியலாக வைத்துவிடுவார்கள். இலையும் அதுதான், சோறும் அதுதான்.

டெஃப் மாவு இங்கே எங்கே கிடைக்கும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைகளில் நான் தேடிய வரைக்கும் இல்லை. உலகத்திலேயே மிகச் சிறிய தானியங்களில் ஒன்று அது, ஒரு கிராமில் சுமார் 3000 மணி நிற்கும், கடுகெல்லாம் அதற்கு முன்னால் பாறாங்கல். உள்ளூரில் விலை ஏறிவிடக் கூடாது என்று எத்தியோப்பிய அரசு 2006-இல் அதன் ஏற்றுமதியையே தடை செய்தது, பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். இணையத்தில் எப்போதாவது சின்னப் பாக்கெட்டாக வரும், விலையைப் பார்த்தால் தலை சுற்றும். நானும் ஒரு முறை வாங்கினேன். எத்தனை மாதம் எங்கே கிடந்ததோ, காறல் வாடை அடித்தது, கரைத்து நாலு நாள் வைத்தும் ஒரு குமிழி வரவில்லை. அதோடு டெஃப்பை விட்டுவிட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

அப்போ எதில் செய்வது? ராகியில் செய்தால் அதற்குப் பெயர் இஞ்செராவா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதுவும் ஏதோ நான் கள்ளநோட்டு அடிப்பது மாதிரியான குரலில்.

பஹிர் தார் போன முதல் மாதம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். ஒரு அம்மா சாக்கு விரித்துத் தானியம் குவித்து வைத்திருந்தார். செம்பழுப்பு நிறம், உருண்டை மணி. குனிந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தேன், தோல் அப்படியே பொடியாக உதிர்ந்தது. நம்ம ராகி! கையை நீட்டி என்ன இது என்று சைகையில் கேட்டேன். ‘தாகுசா’ என்றார். அதை வைத்து என்ன செய்வீர்கள் என்றதற்கு அவர் சொன்ன முதல் வார்த்தை இஞ்செரா, இரண்டாவது வார்த்தை சாராயம்.

பஹிர் தாரைச் சுற்றியுள்ள கோஜ்ஜாம் பக்கத்தில் ராகியும் டெஃப்பும் கலந்து இஞ்செரா சுடுவது சாதாரணம். டெஃப் விலை கூடினால் ராகி கூடும், சோளம் கூடும், பார்லி கூடும். ராகி நம்முடையது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் சுமார் 5000 வருஷத்துக்கு முன்னால் அது முதன்முதலில் பயிராக்கப்பட்டதே எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில்தான். அங்கிருந்துதான் இந்தப் பக்கம் வந்தது. புல் குடும்பத்தில் டெஃப்புக்கும் ராகிக்கும் ஒரே உட்பிரிவு, கிட்டத்தட்டப் பங்காளிகள். ஆக தர்மபுரியில் ராகியில் இஞ்செரா சுடுகிறவன் எதையும் ஏமாற்றவில்லை, கோஜ்ஜாமில் ஒரு சாதாரண வீட்டில் செய்வதைத்தான் செய்கிறான்.

(இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வரும். பஹிர் தாரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் நீல நைல் விழும் அருவிக்குத் தீஸ் அபாய் என்று பெயர். ‘தீஸ்’ என்றால் புகை. மாணவர்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி விளக்கம் சொன்னபோது, எங்க ஊரிலும் புகையும் கல் என்று ஒன்று இருக்கிறது, ஒகேனக்கல் என்று பெயர் என்றேன். ஒருவரும் நம்பவில்லை.)

எந்த ராகி, எப்படி அரைப்பது?

பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை எந்தப் பக்கத்து ராகியும் சரிதான். 2023-லிருந்து தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்களே, அதிலும் செய்து பார்த்தேன், நன்றாக வந்தது. என்ன, கல் மண் பார்த்துப் புடைத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். மில்லில் கொடுக்கும்போது நைசாக அரைக்கச் சொல்லுங்கள். எங்க மில்காரர் ராகி என்றாலே களிக்குத்தான் என்று கொஞ்சம் கரகரப்பாக விட்டுவிடுவார், இதற்கு அது ஆகாது, மாவு அடியில் மணல் மாதிரி உட்கார்ந்துவிடும். மிளகாய்த்தூள் அரைத்த கையோடு உங்கள் ராகியைப் போடவிடாதீர்கள். கடைப் பாக்கெட் மாவும் பரவாயில்லை, புதிதாக இருந்தால். முளைகட்டிய ராகி மாவு மட்டும் வேண்டாம், வழவழவென்று ஒட்டிக்கொண்டு கல்லை விட்டே வராது.

அளவு சொல்லுங்க சார்.

200 மில்லி டம்ளர் கணக்கில் ராகி மாவு மூன்று டம்ளர், மைதா அல்லது கோதுமை மாவு ஒரு டம்ளர், தண்ணீர் சுமார் ஐந்து டம்ளர். புளிப்பு ஏற்ற, முந்தின நாள் ராகிக் கூழின் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர் அரை டம்ளர். கூழ் இல்லாத வீடென்றால் புளித்த தோசை மாவு இரண்டு ஸ்பூன். உப்பு கடைசியில், சுடப் போகும்போது. பெரிய தோசைக்கல்லில் ஏழெட்டு வரும்.

மைதா எதற்கு என்பார்கள். ராகியில் பசைத்தன்மை கிடையாது, வெறும் ராகியில் சுட்டால் எடுக்கும்போதே பிளக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்குப் பதில் பச்சரிசி மாவு போட்டு, அடுத்து சொல்லப் போகிற கஞ்சியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மடிக்க வராது, கிழித்துச் சாப்பிட வரும்.

எத்தனை நாள் புளிக்க வேண்டும்?

அங்கே கேட்டால் மூன்று நாள் என்பார்கள். அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2300 மீட்டருக்கும் மேலே, பஹிர் தார் சுமார் 1800 மீட்டர், ராத்திரியில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. அந்தக் குளிருக்கான கணக்கு அது. அதை அப்படியே நம்பி மே மாதம் தர்மபுரியில் மூன்று நாள் வைத்தேன். இரண்டாம் நாள் ராத்திரியே மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்து, காலையில் அடுக்களைக்குள் கால் வைத்தால் கள்ளுக்கடை வாசனை.

இப்போது என் கணக்கு: வெயில் காலத்தில் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை. கார்த்திகை, மார்கழியில் இரண்டு இரண்டரை. ஓசூர், தளி பக்கம் இருப்பவர்களுக்கு மேட்டுநிலம் என்பதால் இன்னும் அரை நாள் கூடும், சொல்லப்போனால் இஞ்செராவுக்கு நம்ம ஊரைவிட அந்த ஊர்க் குளிர்தான் பொருத்தம், மெதுவாகப் புளித்தால் ருசி ஆழமாக வரும். நாளை எண்ணுவதை விட்டுவிட்டு மூக்கை நம்புங்கள். முதலில் பச்சை மாவு வாடை, அப்புறம் கூழ் வாசனை, அப்புறம் லேசாக எலுமிச்சை மாதிரி ஒரு சுள்ளென்ற வாசனை. அந்த மூன்றாவது வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

மேலே மஞ்சளாகத் தண்ணீர் நிற்கிறது, கெட்டுவிட்டதா?

இல்லை, அப்படித்தான் நிற்க வேண்டும். அதன் பெயர் ‘எர்ஷோ’, அடுத்த முறைக்கான உறை அதில்தான் இருக்கிறது. கலக்காமல் மெல்லச் சாய்த்து இறுத்துவிடுங்கள், ஒரு சின்னப் பாட்டிலில் அரை டம்ளர் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், மீதியைக் கொட்டலாம். மெல்லிசாக வெள்ளை ஆடை படிந்திருந்தால் அதையும் சேர்த்து வழித்து எடுத்துவிடலாம். ஆனால் பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்தில் பூசணம் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலாக மட்டும் எடுத்துவிட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

எவ்வளவு புளித்தாலும் கண் வரவே இல்லையே?

கஞ்சி காய்ச்சி ஊற்றினீர்களா? மாட்டீர்கள். நானும் முதல் ஒரு வருஷம் ஊற்றவில்லை, ஆப்ப சோடா போட்டுப் பார்த்தேன், ஈஸ்ட் போட்டுப் பார்த்தேன், ஓட்டை வரும், வந்த வேகத்தில் அமுங்கிப்போகும், சுட்டது கல்நார் அட்டை மாதிரி இருக்கும். கடைசியில் பஹிர் தாரில் எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருந்த அம்மாவுக்கே போன் போட்டேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: ‘அப்சிட் போட்டாயா?’

அப்சிட் என்பது புளித்த மாவிலேயே கொஞ்சம் எடுத்துக் காய்ச்சுகிற கஞ்சி. தெளிவை இறுத்த பிறகு அடியில் இருக்கும் கெட்டி மாவில் அரை டம்ளர் எடுத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கை விடாமல் கிளறுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் கரண்டி போகிற தடத்தில் அடி தெரிய ஆரம்பிக்கும், நிறம் கறுத்துப் பளபளப்பு ஏறும், ‘பொளக் பொளக்’ என்று ஒரு சத்தம் வரும். கூழ் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. இறக்கிக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மீதி மாவோடு கட்டியில்லாமல் கரைத்து, உப்புப் போட்டு, நீர்தோசை மாவைவிட ஒரு பிடி கெட்டியாக இருக்கும்படி தண்ணீர் சேர்த்து மூடி வையுங்கள். வெயில் காலத்தில் முக்கால் மணி நேரம், குளிரில் இரண்டு மணி நேரம். மேலெல்லாம் நுரை கட்டிக் குமிழி உடையும். அப்போது சுட வேண்டும்.

கோதுமையில் பசை செய்கிற வேலையை இதில் வெந்த மாவு செய்கிறது, அவ்வளவுதான் விஷயம். வெந்த மாவின் வழவழப்பு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஈரத்தையும் பிடித்து வைப்பதால் மறுநாளும் சுருட்ட வருகிறது. நம் பாட்டிமார்கள் தினமும் காய்ச்சிய கூழ்தான் இதன் சூத்திரம் என்று தெரியாமல் ஒரு வருஷம் சோடா டப்பாவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எந்தக் கல்லில் சுடுவது?

அங்கே ‘மிதாத்’ என்ற பெரிய மண்கல். இப்போது நகரத்தில் எல்லாம் கரண்ட் மிதாத் வந்துவிட்டது. நம் வீட்டுக்கு அகலமான நான்ஸ்டிக் தவாவே போதும், நன்றாக மூடுகிற மூடி வேண்டும். பழகின இரும்புக்கல்லும் சரி, ஆனால் புதுக் கல்லில் புளித்த மாவு பட்டால் கறுத்து இரும்பு வாடை ஏறும். மண் ஓட்டில் ஒரு முறை முயன்றேன், இரண்டாவது இஞ்செராவிலேயே நடுவில் விரிசல் விட்டுவிட்டது, அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை, அவ்வளவுதான் எண்ணெய். மாவை நடுவில் ஊற்றித் தேய்க்கக் கூடாது. ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும், குவளையிலிருந்து நூல் பிடித்த மாதிரி. கரண்டி மாவைத் தொடவே கூடாது. அரை நிமிஷத்தில் கண் கண்ணாகத் திறக்கும், முக்கால்வாசி திறந்ததும் மூடி போட்டு இரண்டு நிமிஷம். ஓரம் தானாகக் கிளம்பினால் வெந்துவிட்டது. தட்டையான முறத்தையோ பிரம்புத் தட்டையோ அடியில் சொருகி இழுத்து, துணி மேல் போட்டு ஆறவிடுங்கள். சூட்டோடு ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே களியாகிவிடும்.

தொட்டுக்கொள்ள என்ன? சாம்பார் போதாதா?

போதும், ஆனால் அதற்கு இவ்வளவு பாடு படுவானேன். மிசிர் வொட் என்ற மைசூர்ப் பருப்புக் குழம்பு சுலபம். கால் கிலோ சின்ன வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, அடி கனமான சட்டியில் எண்ணெய் இல்லாமல், ஆமாம், ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், சின்னத் தீயில் வதக்குங்கள். ஒட்டினால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் வெங்காயம் கரைந்து ஜாம் மாதிரி ஆகும். அதற்கப்புறம்தான் நாலு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ, இரண்டு பெரிய ஸ்பூன் பெர்பெரே என்ற அந்த ஊர் மிளகாய் மசாலாப் பொடி, இஞ்சி பூண்டு. பொடி எண்ணெயில் பிரிந்து வந்ததும் ஒரு டம்ளர் பருப்பும் மூன்று டம்ளர் தண்ணீரும் ஊற்றிக் கெட்டியாகும் வரை வேகவிட வேண்டும். புளி கிடையாது, கடுகு தாளிக்கக் கூடாது. என் மனைவி முதல் முறை நான் பார்க்காதபோது கறிவேப்பிலை போட்டுவிட்டாள். நல்ல ருசிதான், ஆனால் அது தர்மபுரிப் பருப்பாகிவிட்டது.

பெர்பெரே பொடியை வீட்டில் அரைக்க முடியுமா?

தாராளமாக. காம்பு கிள்ளிய பியாட்கி மிளகாய் 100 கிராம், கொத்தமல்லி இரண்டு ஸ்பூன், வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்பூன், ஏலக்காய் பத்து, கிராம்பு நாலு, பட்டை ஒரு துண்டு, சுக்கு ஒரு துண்டு. தனித்தனியாக வெதுவெதுப்பாக வறுத்து அரையுங்கள். அங்கே போடுவது ‘கோரரிமா’ என்ற வேறு சாதி ஏலம், அது கிடைக்காது, பச்சை ஏலக்காயோடு ஒரு கறுப்பு ஏலக்காய் சேர்த்தால் கிட்ட வரும். குண்டு மிளகாய் போட்டால் காரம் மட்டும் நிற்கும், நிறம் வராது. கருஞ்சீரகத்தையும் ஓமத்தையும் விட்டுவிட்டால் அது வெறும் கறிமசால் பொடி.

நெய்யையும் அங்கே வாசனை போட்டுத்தான் காய்ச்சுவார்கள், ‘நிதர் கிப்பே’ என்று பெயர். நாம் வெண்ணெய் காய்ச்சும்போது முருங்கைக்கீரை போடுவதில்லையா, அந்த மாதிரி மஞ்சள், வெந்தயம், ஏலக்காய், கொஞ்சம் துளசி. சிவக்க விடாமல் இறக்க வேண்டும்.

கோழி?

தோரோ வொட். அதே வெங்காயம், பருப்புக்கு இரண்டு மடங்கு, நாட்டுக்கோழி, கடைசியில் கீறிவிட்ட அவித்த முட்டை. ஒரு மணி நேரத்தில் முடிக்க நினைத்தால் ஆரம்பிக்காதீர்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு?

அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் நோன்பு, கறி முட்டை மட்டுமில்லை, பால் நெய் கூடக் கிடையாது. பெரிய நோன்புகளையும் சேர்த்தால் வருஷத்தில் பாதி நாள். அதனால் எந்தச் சின்ன ஹோட்டலுக்குப் போனாலும் ‘பையாய்நெத்து’ என்று கேட்டால் இஞ்செரா மேல் பருப்பு, பட்டாணி, கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ் என்று வட்டமாக வைத்துத் தருவார்கள். எங்க வீட்டில் புரட்டாசி சனிக்கிழமைக்கு இதுதான் ஓடுகிறது.

ராகி என்பதால் சுகர்காரர்கள் இஷ்டத்துக்குச் சாப்பிடலாமா?

களிக்கு என்ன கணக்கோ அதே கணக்கு. மாவுச்சத்து மாவுச்சத்துதான், மைதா வேறு சேர்ந்திருக்கிறது. உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் சாப்பிட்டார்களா?

எங்க அம்மா முதல் நாள் அதைத் தூக்கிப் பார்த்து, “ஊறவெச்ச துணியாட்டம் இருக்குது, இதையா ஆறு வருஷம் தின்ன?” என்றார். அடுத்து நான் அந்த ஊர் மரியாதைப்படி ஒரு துண்டு கிழித்து, பருப்பை வைத்துச் சுருட்டி, அவர் வாயில் ஊட்டப் போனேன். அங்கே அதற்குக் ‘குர்ஷா’ என்று பெயர், விருந்தாளிக்குக் கையால் ஊட்டாவிட்டால் பிரியமில்லை என்று அர்த்தம், ஒரு வாயோடு நிறுத்துவதும் அழகில்லை. “ஏன்டா, எனக்குக் கை இல்லையா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு ரசம் சோறு.

பெரியவர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும்போது புளிப்பைக் குறைத்து, சின்னதாகச் சுட்டு, கீரைக் கடைசலோடு கொடுத்துப் பாருங்கள். குர்ஷா எல்லாம் பிறகு.

மிச்சமானால் என்ன செய்வது?

துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், நம் வெயிலில் ஒரு நாள். அதற்கு மேல் ஃப்ரிட்ஜ். மறுநாள் காலையில் ‘ஃபிர்ஃபிர்’ போடலாம்: மிச்சக் குழம்பைச் சட்டியில் சூடாக்கித் தண்ணீர் கொஞ்சம் விட்டு, இஞ்செராவைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டு இரண்டு கிளறு. கொத்து பரோட்டாவுக்கு அண்ணன். குழம்பு கொதிக்கும்போதே போட்டு உடனே அணைத்துவிட வேண்டும், நின்றால் கூழாகிவிடும். துணி என்று சொன்ன அதே அம்மா இதற்கு மட்டும் தட்டோடு வந்து நிற்பார், பக்கத்தில் கெட்டித் தயிர் வைக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை.